பாதிரியாரும் பொம்மைப் பசுவும்

ஆசிரியருக்கு,

பாதிரிமார்களைக் கேலி செய்யும் 'ஃபாதர் டெட்' தொடரை நல்ல கத்தோலிக்கர்கள் பார்க்கலாமா என்று என் நண்பர் கேட்டார். நான் ஞாயிறு பூசைக்குத் தவறாதவன். மூன்று முறை பார்த்துவிட்டேன்!

1995 முதல் 1998 வரை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய அயர்லாந்து நகைச்சுவைத் தொடர் இது. மொத்தமே 25 பகுதிகள். தண்டனையாக ஒரு தீவுக்கு அனுப்பப்பட்ட மூன்று பாதிரிகள், வேண்டாம் என்றாலும் விடாமல் தேநீரைத் திணிக்கும் திருமதி டாயில். அந்த அம்மாளைப் போல எனக்கே ஒரு சித்தி உண்டு.

மழையில் கேரவனுக்குள் அடைபட்டு, கையில் பொம்மைப் பசுவை வைத்துக்கொண்டு, 'இது சின்னது, வெளியே நிற்பது தூரத்தில் இருக்கிறது' என்று டெட் பொறுமையாக விளக்குவார். உடன் இருக்கும் இளம் பாதிரி டூகலுக்குக் கடைசிவரை புரியாது. இதில் இறைநிந்தனை எங்கே? ஒரே கூரையின் கீழ் மாட்டிக்கொண்டவர்களின் அவஸ்தைதான் இருக்கிறது. (நன்கொடைப் பணத்தில் டெட்டின் கை சுத்தமில்லை என்பது வேறு விஷயம்.)

கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே, டெட்டாக நடித்த டெர்மட் மார்கன் 45 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அந்தப் பகுதியை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டே பார்க்க முடிவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்