சொல்லுக்கு இடம் விடும் வயலின்கள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

அன்புள்ள குணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மாடியேறி வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லாரும் நலம். மூத்தவள் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டதால் வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகள் இருக்கட்டும். நீ கேட்டிருக்கும் கேள்விக்கே இந்தத் தாள் போதாது போலிருக்கிறது. உன்னிடம் வயலின் பயிலும் பிள்ளைகள் ஆண்டுவிழா மேடையில் ஒரு ராப் பாடகனையும் தங்களோடு நிறுத்த விரும்புகிறார்கள், இது இசைக்குச் செய்யும் மரியாதையா, கூட்டம் சேர்க்கும் தந்திரமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டில் எதுவாகவும் அது ஆகலாம். எதுவாக ஆகும் என்பது அந்தப் பையனைவிட, நீ வயலின்களுக்கு என்ன எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்பதைத்தான் பொறுத்திருக்கிறது. மேடை ஒலியமைப்பிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ராப் பிறந்த ஹிப்ஹாப் இசையும் சிம்பொனி இசையும் நேற்றைக்குத்தான் சந்தித்துக்கொண்டன என்று உன் பள்ளியில் யாராவது முகம் சுளித்தால், 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா வெளியிட்ட 'பிளானட் ராக்' பாடலைப் போட்டுக் காட்டு. அதில் இடைக்கிடையே வெடித்து விழும் ஆர்கெஸ்ட்ரா ஒலி, ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியோடு வந்த ஓர் ஒலித்துணுக்கு. 1910இல் பாரிஸில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ஆக, ஹிப்ஹாப் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் கைக்குள் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா இருந்தது; ஒரே ஒரு விசையை அழுத்தினால் ஒலிக்கும் ஒரே ஒரு முழக்கமாக. பிறகு 1991இல், பிறர் இசைத்தட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பதற்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தபின், ஒலித்துணுக்குக்கு அனுமதி வாங்குவது செலவுபிடித்த வேலையாயிற்று. அதனால் அதே மெட்டைக் கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்வதும் பெருகியது.

முழு சிம்பொனிக் குழு ராப் பாடகருக்குப் பின்னால் நேரடியாக அமர்ந்த நிகழ்ச்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். வாஷிங்டனின் கென்னடி மையத்தில் நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 2014இல் நாஸ், தம் முதல் இசைத்தொகுப்பின் 20ஆம் ஆண்டை ஒட்டிப் பாடினார். 2015இல் அதே குழுவோடு கென்ட்ரிக் லாமர் பாடினார். அந்த லாமருக்கே 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவரை சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே போன பரிசு அது. நான் மகிழ்ந்தேன். ஆனால் பரிசு கிடைப்பது வேறு, ஆர்கெஸ்ட்ராவுக்கு வேலை கிடைப்பது வேறு. இம்மாதிரி நிகழ்ச்சிகள் பலவற்றில், கச்சிதமாக உடுத்திய அத்தனை கலைஞர்களும் நீண்ட ஸ்வரங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே முழுமையாக இருக்கும் ஒரு பீட்டுக்குப் பின்னால் பட்டுத்திரையாகத் தொங்குகிறார்கள். அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றால், அங்கே கலப்பு எதுவும் நடக்கவில்லை; இருக்கை நிரப்பல்தான் நடந்திருக்கிறது.

ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்: அதுதான் ஆபத்தில்லாத வழி. சிம்பொனிக் குழு, நடத்துநரின் கையசைவுக்கு ஒரு மூச்சு பின்தங்கியே ஒலிக்கும். அந்தப் பின்தங்கலில்தான் அதன் அழகே இருக்கிறது. ராப்போ இயந்திரத்தின் தாளத்தில் நிற்கிறது. மேடையின் பின்வரிசையில் தாளவாத்தியம் வாசிப்பவருக்கும் முன்னால் நிற்கும் பாடகனுக்கும் 15 மீட்டர் இடைவெளி இருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 44 மில்லிவினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால்பங்கு, அதாவது ராப்பில் ஓர் அசை விழும் இடம், 167 மில்லிவினாடிதான். அந்தச் சிறு இடத்தில் கால்வாசியைத் தூரமே தின்றுவிடுகிறது. வாசிப்பவர்கள் காதில் க்ளிக், அதாவது தாளம் தட்டும் சிறு ஒலி, கொடுத்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் எல்லாருக்கும் க்ளிக் கொடுத்துவிட்டால் நடத்துநருக்கு அங்கே என்ன வேலை என்று அவரே கேட்பார், கேட்டும் இருக்கிறார்கள்.

அடுத்தது அரங்கம். நம் இரட்டைக் கோபுரத்துக்குள் 1998இல் திறந்த டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் போன்ற அரங்குகள் மைக் இல்லாத இசைக்காகக் கட்டப்பட்டவை. இவ்வகை அரங்குகளில் ஓர் ஒலி அடங்க ஏறக்குறைய இரண்டு வினாடி பிடிக்கும். வயலினுக்கு அது வரம். ஆனால் நான் சொன்ன அதே வேகத்தில் வினாடிக்கு ஆறு அசை பாடுகிறவனுக்கு, முன்பு சொன்ன பன்னிரண்டு அசைகள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போதே பதின்மூன்றாவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் முதலில் காணாமல் போவது வல்லின ஒற்றுகள். 'வெட்டி', 'கொத்து', 'பற்று' என்று நாம் தாளம் போலத் தட்டிச் சொல்லும் எழுத்துகள் எல்லாம் குழைந்து, கேட்பவருக்கு உயிரெழுத்துகளின் நீட்சி மட்டுமே வந்து சேர்கிறது. அந்த நேரம் பார்த்து வயோலாக்களும் பிரெஞ்சு ஹார்ன்களும் ஆண் குரல் ஒலிக்கும் அதே எல்லைக்குள் நீண்ட ஸ்வரம் பிடித்தால், பாடுகிறவன் தமிழில்தான் பாடுகிறானா என்பதே சந்தேகமாகிவிடும். அப்போது பழி ஒலியமைப்பாளன் மேல் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

திரைப்படத்தில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் அங்கே துணிச்சல் அதிகம். 'பிளாக் பேந்தர்' (2018) படத்துக்கு இசையமைத்த லுட்விக் யோரான்சன், அதற்கு முன்பே ராப் இசைத்தட்டுகளைத் தயாரித்த அனுபவம் உடையவர். ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய் அங்குள்ள பாடகர் பாபா மாலோடு பயணம் செய்து, பேசும் பறையையும் ஃபுலானிப் புல்லாங்குழலையும் பதிவு செய்துகொண்டு வந்தார். படத்தில் வரும் அரசனுக்கு அந்தப் பறையைக் கொடுத்தார். அமெரிக்கத் தெருவில் வளர்ந்து அரியணை கேட்டு வரும் எதிராளிக்குப் புல்லாங்குழலையும் அதன் அடியில் ஹிப்ஹாப்பின் 808 என்ற தாள இயந்திரத்தின் பீட்டையும் கொடுத்தார். லண்டனில் பதிவான பெரிய ஆர்கெஸ்ட்ரா இரண்டையும் சூழ்ந்துகொள்கிறது. அந்த எதிராளி ஒருவனுக்குள்ளேயே இருக்கும் இரண்டு ஊர்களை வசனம் இல்லாமலே காதால் கேட்கிறோம். 2019இல் ஆஸ்கார் கிடைத்தது நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனி: திரையிசையில் தந்திகளைத் தனியாகவும் பித்தளை வாத்தியங்களைத் தனியாகவும் பதிவு செய்துகொண்டு, மிக்ஸிங்கில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்க முடியும். உன் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, அதே மாதிரி மேடையில் வேண்டும் என்பார்கள். அங்கே ஏற்ற இறக்கத்தைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். என் கைக்கு வந்தபிறகு அதைத் திருத்த முடியாது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். தமிழில் இந்தக் கலப்புக்கு மலேசியாவே ஒரு தாய்வீடு என்று நான் சொன்னால் ஊர்ப்பற்று என்று சிரிக்காதே. 2006இல் யோகி பி - நட்சத்திரா குழு 'மடை திறந்து' பாடலை ராப் சொல்லிசையாக்கியபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டை. இசையமைப்பாளனாகும் கனவோடு திரியும் ஓர் இளைஞனுக்கான பாட்டு அது. கனவு காண்பதற்கென்றே எழுதிய மெட்டின் மேல் நம் ஊர்ப் பையன்கள் தங்கள் கனவைச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய மெட்டு அங்கே திரையாகத் தொங்கவில்லை, எதிரில் நின்று பேசியது.

உனக்கு நான் சொல்ல நினைப்பதும் இதை ஒட்டியதுதான். அமெரிக்க ராப்பில் ஒலி ஒத்துவரும் இடம் பெரும்பாலும் வரியின் கடைசி. அதனால் அங்கே ஆர்கெஸ்ட்ராவின் வெட்டு, அதாவது சட்டென ஒலித்து நிற்கும் முழக்கமும், வரி முடிவில் விழுகிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. தமிழில் இயைபு உண்டென்றாலும், நம் காது பழகியிருப்பது மோனைக்கும் எதுகைக்கும். அதாவது வரியின் தலைக்கு. அமெரிக்க மாதிரியைப் பார்த்துத் தந்திகளுக்கு எழுதினால், நம் பாடகனின் எதுகை ஆளில்லாமல் தனியாக நிற்கும். அவன் மூச்சு விடும் இடத்தில் வயலின்கள் கத்தும். நான் ஒலியமைத்த தமிழ் நிகழ்ச்சி ஒன்றில் இரவு முழுக்க இதுதான் நடந்தது. கூட்டம் கைதட்டியது என்பது வேறு விஷயம். தந்திகளின் வெட்டு வரியின் முதல் சீரில் விழட்டும், இரண்டாம் எழுத்தை அவனுக்கு விட்டுவிடு, வரியின் கடைசியில் செல்லோ மட்டும் பதில் சொல்லட்டும். அருணகிரிநாதர் சந்தத்தில் வல்லினமும் மெல்லினமும் எங்கே மாறுகின்றன என்று பார்த்தாலே வில்லின் வீச்சை எங்கே திருப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். ராப் பாடகர்கள் மூன்று மூன்றாக அடுக்கும் வேகநடை உன் பிள்ளைகளுக்குத் திஸ்ரம்; தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் இரண்டு வகுப்பு சொல்லிக் கொடுத்தால் போதும், க்ளிக்கே தேவைப்படாமல் போகலாம்.

ஆள் குறைவு என்று கவலைப்பட்டிருக்கிறாய். 2015இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்த 'ஹாமில்டன்' நாடகம் ராப்பாலேயே வரலாறு சொன்னது. அதன் இசைக்குழுவில் பத்துப் பேர், அதில் நால்வர் தந்திக் கலைஞர்கள். கூட்டம் சிறியதாக இருந்தால் முன்பு சொன்ன தூரத் தொல்லையும் குறையும். பாடும் இடங்களில் வயோலாக்களை விரலால் மீட்டச் சொல். நீண்ட ஸ்வரங்களைப் பாடகன் நிறுத்தும் இடங்களுக்கு வைத்துக்கொள். டபுள் பாஸ் வைத்திருக்கும் பெண்ணின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், 808 பீட் உறுமுவதும் அந்தப் பக்கத்தில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கினால் எதுவும் கேட்காது, நெஞ்சு மட்டும் அதிரும். உறுமி மேளம் சேர்க்கலாமா என்று உன் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆசைதான், ஆனால் மூடிய அரங்கத்தில் ஒரே ஓர் உறுமி போதும், அதுவும் பாடகன் வாய்மூடி நிற்கும்போது மட்டும்.

பையனின் வரிகளை எனக்கு முதலில் அனுப்பு. அவன் எங்கே மூச்சு விடுகிறான் என்று அவனையே பென்சிலால் குறிக்கச் சொல். அதைப் பார்த்தபிறகுதான் நீ வயலினுக்கு ஒரு கோடாவது எழுத வேண்டும். எந்த அரங்கம் என்பது உறுதியானதும் தெரிவித்தால், ஒத்திகைக்கு முந்திய நாள் இரவு பஸ்ஸிலேயே பட்டர்வொர்த்துக்கு வந்துவிடுகிறேன். மைக் வைக்கும் இடங்களை இருவருமாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சேகர்