ஃப்ரீசர்ல தூங்குற என் நோட்டுகளுக்காக

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல இங்க பெல்ஜியத்துல, லூவென்ல, நான் இருந்த வாடகை வீட்ல தீப்புடிச்சது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல, ஸ்வெட்டர்லருந்து புகை வாசனையே இன்னும் போகல. நான் நல்லாதான் இருக்கேன். தனித்தனியா பதில் போட முடியாததால இந்த மடல்.

மொதல்ல மொத்தமா சொல்லிடுறேன். ராத்திரியோட ராத்திரியா மெத்தையைத் தலையில தூக்கிட்டு வந்த பெங்காலி ஃப்ரெண்ட், சாம்பார் டப்பாவை வாசல்ல வெச்சுட்டு பெல் கூட அடிக்காம போன லூவென் தமிழ் குரூப் அக்காங்க, "தீசிஸ் எங்கயும் ஓடிப் போகாது, மொதல்ல தூங்கு"ன்னு மெயில் போட்ட என் கைடு, ஒரே நாள்ல தற்காலிக ரூம் பாத்துக் கொடுத்த யூனிவர்சிட்டி ஆளுங்க, தினமும் வீடியோ கால்ல வந்து ஒண்ணும் பேசாம என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்த திருச்சி அப்பா அம்மா. எல்லாருக்கும் நன்றி, சின்னதா சொல்லிட்டேன்னு கோச்சுக்காதீங்க.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து வீட்டு மெவ்ரவ். (இங்க வயசான அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடணும். பேர் போடக் கூடாதுன்னு அவங்க கண்டிஷன்.) அதுவரைக்கும் எங்களுக்குள்ள பேச்சுன்னா குப்பைப் பையை எந்தக் கிழமை வெளிய வைக்கணும்ங்கறது மட்டும்தான், அதுவும் நான் தப்பான நாள்ல வெச்சு அவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது.

அன்னிக்குக் காலையில நான் ஃபுட்பாத்துல உக்காந்திருந்தேன், மடியில பதினொரு நோட்டு. டெல்டால மூணு வருஷம் வயக்காடு வயக்காடா அலைஞ்சு எழுதுனது. ஜூன் 12ல மேட்டூர் திறக்காத வருஷம் என்ன பண்ணீங்க, எந்த மண்ணு எத்தனை நாள் ஈரம் புடிக்கும், எல்லாம் அவங்கவங்க வார்த்தையிலயே. நெருப்பு தொடல, ஹோஸ் தண்ணி நனைச்சிருச்சு. ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கலாமேன்னு கேக்காதீங்க, பாதிதான் எடுத்திருந்தேன். ஒரு நோட்டை விரிச்சு பக்கத்தைப் பிரிக்கப் போனேன், அப்ப பின்னாடியிருந்து "நேய்!"னு ஒரு சத்தம். வேணாம்னு அர்த்தம். மெவ்ரவ், நைட் கவுன்லயே ஓடி வந்திருக்காங்க.

என் கையைத் தட்டிவிட்டாங்க, நிஜமாவே தட்டுனாங்க. ஈரப் பேப்பரைப் பிரிச்சா கிழியும், அப்படியே விட்டா ரெண்டே நாள்ல பூஞ்சை புடிக்கும், அதனால ஐஸ்ல போடணும்னு சொல்லிட்டு உள்ள போய் அவங்க ஃப்ரீசர்லருந்து பட்டாணி, மீன், பேரப் புள்ளைங்களுக்கு வெச்சிருந்த ஐஸ்கிரீம்னு எல்லாத்தையும் சிங்க்ல கொட்டிட்டாங்க. ஒவ்வொரு நோட்டையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில போட்டு மார்க்கர்ல 1லருந்து 11 வரைக்கும் நம்பர் எழுதி அடுக்குனாங்க. அப்புறம் நாலு நாளைக்கு ரெண்டு பேருக்கும் பட்டாணி சூப்தான். அம்மாகிட்ட "நோட்டை ஐஸ்ல வெச்சிருக்கேன்"னு சொன்னதுக்கு ஒரு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் மெதுவா "ஏன்டி, டாக்டர்கிட்ட காட்டுனியா?"ன்னாங்க.

மெவ்ரவ் ரிட்டயர்ட் லைப்ரரி ஆளுன்னு அப்பதான் எனக்குத் தெரியும். இந்த ஊர் யூனிவர்சிட்டி லைப்ரரி சாதாரண லைப்ரரி இல்ல. 1914 ஆகஸ்ட் 25 ராத்திரி ஜெர்மன் படை வெச்ச தீயில மொத்தமா எரிஞ்சுது. அமெரிக்கால வசூல் பண்ணி லாடூஸ் சதுக்கத்துல புதுசா கட்டி 1928ல திறந்தாங்க, 1940 மே மாசம் அதுவும் எரிஞ்சு கிட்டத்தட்ட 9 லட்சம் புக்கு போச்சு, திரும்பவும் கட்டுனாங்க. அதுக்கப்புறம் எரிக்க யாரும் வரலைன்னு இவங்களே சண்டை போட்டு டச்சு, பிரெஞ்சுன்னு யூனிவர்சிட்டியையே ரெண்டாக்கி, புக்கையும் அலமாரி நம்பர் பாத்து ஒத்தைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம்னு பிரிச்சுட்டாங்க. அந்தப் பாகப்பிரிவினை சமயத்துல மெவ்ரவ் சின்னப் பொண்ணா அங்க வேலைக்குச் சேந்தவங்க. அதைப் பத்திக் கேட்டா உதட்டைப் பிதுக்கி "நான் தூக்கிட்டுதான் போனேன், நான் பிரிக்கல"ன்னுவாங்க.

2025 டிசம்பர் 9ஓட யூனிவர்சிட்டிக்கு 600 வயசு. 1425ல அஞ்சாம் மார்ட்டின் போப் ஆணை கொடுத்த தேதி அது. (நடுவுல 1797ல பிரெஞ்சுக்காரங்க இழுத்து மூடி, 1834ல தான் பிஷப்புங்க திரும்ப ஆரம்பிச்சாங்க, அதனால 600னு எண்ணுறதுல கொஞ்சம் போங்கு இருக்கு, ஆனா பொறந்தநாள் வீட்ல போய் கணக்கு பாக்கக் கூடாது.) அறிஞர் எராஸ்மஸ், உடற்கூறியல் எழுதுன வெசாலியஸ், பெருவெடிப்புக்கு விதை போட்ட லெமேத்ர் பாதிரியார்னு பெரிய பேரெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு இந்த வருஷம் அந்த லைப்ரரி சுவரைப் பாக்கத்தான் புடிச்சுது. அங்க கல்லுல அமெரிக்க ஸ்கூல், காலேஜ் பேரெல்லாம் செதுக்கியிருக்கும், காசு கொடுத்தவங்க. ஸ்கூல் புள்ளைங்க காசு கூட அதுல இருக்கு. தினமும் சைக்கிள்ல அதைத் தாண்டிதான் போவேன், ஒரு நாளும் நின்னு படிச்சதில்ல, போன வாரம் நின்னு விரல் வெச்சுப் படிச்சேன், குளிர்ல விரல் மரத்துப் போச்சு.

அதே கட்டடத்துல இன்னொரு வரியும் எழுதணும்னு இருந்தாங்களாம், ஜெர்மன் வெறி இடிச்சது, அமெரிக்கக் கொடை எழுப்புனதுன்னு லத்தீன்ல. அப்ப ரெக்டரா (யூனிவர்சிட்டிக்குத் தலைவரா) இருந்த லாடூஸ் வேணாம்னுட்டாரு, அதுக்குப் பெரிய ரகளையே நடந்துச்சு, கடைசில அந்த இடம் வெறுமையாவே நின்னுருச்சு. எங்க வீட்டு ஓனர் பத்தி ஒரு பெரிய பத்தி எழுதி வெச்சிருந்தேன், நல்லா காரமா. மெவ்ரவ் இதைச் சொன்னப்புறம் அழிச்சுட்டேன். மன்னிச்சுட்டேன்னு இல்ல, அட்வான்ஸ் இன்னும் வரல. இங்க அந்த ஆளுக்கு இடம் வேணாம், அவ்ளோதான்.

இப்ப தினமும் காலையில ஒரு நோட்டை எடுத்துக் கரைய விடுறோம். நிக்க வெச்சு, விசிறி மாதிரி விரிச்சு, தூரத்துல ஃபேன் போட்டு, பத்து பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ, நனைய நனைய மாத்தணும். பென்சில்ல எழுதுனது கல்லு மாதிரி நிக்குது. பால்பாயின்ட்டும் பரவால்ல. ஜெல் பேனால எழுதுன 4ம் நம்பர் மட்டும் நீலக் குளம், அதுல கடைசிப் பக்கம் மட்டும் பொழைச்சுது, "மண்ணு வாயைப் பொளந்து நம்மளப் பாக்கும்மா"ன்னு திருவாரூர் பெரியவர் ஒருத்தர் சொன்னது. மெவ்ரவ் அர்த்தம் கேட்டாங்க, தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு டிஷ்யூ மாத்தப் போயிட்டாங்க.

எனக்குன்னு ஒரு வீடு, ஒரு ஃப்ரிட்ஜ் வந்தா ஃப்ரீசர்ல ஒரு தட்டைக் காலியாவே வெச்சிருப்பேன், இது சத்தியம். ஜெல் பேனாவைத் தொட மாட்டேன், இதுவும் சத்தியம். குப்பையைச் சரியான கிழமையில வைப்பேன், முயற்சி பண்றேன்.

8 நோட்டு காய்ஞ்சாச்சு, இன்னும் மூணு அவங்க ஃப்ரீசர்லதான். நாளைக்கு 9ம் நம்பர். ஐஸ்கிரீமுக்கு இடம் எப்ப வரும்னு பேரப் பையன் நேத்தே கேட்டுட்டான்.