யாழ்ப்பாணப் பொது நூலகம்: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் எம்மிடம் ஒப்படைத்த வேலைகள் இரண்டு. மாதாந்த நூல் அறிமுகக் கூட்டங்களை விடாமல் நடத்தச் சொன்னீர்கள். மழை கொட்டிய கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் நடத்தினோம். மற்றது, 1981க்கு முன் யாழ்ப்பாணத்தில் அச்சான வெளியீடுகளை வீடு வீடாகத் தேடுவது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இந்த நூலகம் ஒரு வீட்டிலிருந்து வந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களுடன் அது பொது நூலகமாயிற்று. பிறகு ஊரார் சேர்ந்து களியாட்ட விழா நடத்திக் காசு திரட்டினார்கள். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் வரைபடம் தந்தார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னார். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் 97,000 வரையான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே கத்தோலிக்கத் துறவியும் மொழியறிஞருமான தாவீது அடிகள் உயிர் நீத்தார்.

எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக அப்படியே விட வேண்டும் என்று அந்நாளில் பலர் சொன்னார்கள். அவர்களுடைய மனத்தாங்கல் நியாயமானது. ஆனாலும் திருத்திக் கட்டியதே சரி என்பது என் கருத்து. பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கிறார்கள், அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் யூன் மாதம் நாங்கள் அழைத்து வந்த மாணவர்களில் ஒருத்தி, வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எரிந்தது எந்தக் கட்டடம், சேர்?" என்று கேட்டாள். இதுதான் பிள்ளை என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. சுவரைத் திருப்பிக் கட்டிவிடலாம். உள்ளே இருந்தவற்றை அப்படிக் கட்ட முடியாது, அவற்றின் வேறு பிரதிகள் எங்கள் வீடுகளில்தான் கிடக்கின்றன. தேடல் வேலைக்கு நாங்கள் இவ்வளவு நேரம் ஒதுக்கியது அதனால்தான்.

கிடைத்தவற்றில் கூடுதலானவை பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த, கல்வெட்டுகள் எனப்படும் நினைவுப் புத்தகங்கள். கல்வெட்டுகளைச் சிலர் கழிவென்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் ஊர்ப் பெயர்களும் அந்தக் காலத்து அச்சகங்களின் பெயர்களும் அவற்றில்தான் இருக்கின்றன. தயவுசெய்து எறிய வேண்டாம்.

சுண்டுக்குளிப் பக்கம் ஒரு அம்மா, காலமான தன் கணவரின் அலுமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துத் தந்தார். முதுகுத்துணி கிழிந்து, ஓரமெல்லாம் வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. உள்ளே பழைய நூலகத்தின் ஊதா முத்திரை. பின்னட்டையில் ஒட்டிய தாளில், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடைசித் திகதி 1981 யூனில் விழுந்திருந்தது. "தண்டப்பணம் எவ்வளவு தம்பி?" என்று அவர் மெய்யாகவே கேட்டார். இடம்பெயர்ந்தபோதெல்லாம் அந்தப் புத்தகம் அவர்களோடு போய் வந்திருக்கிறது. அதை நூலகத்திடம் ஒப்படைக்க அம்மாவின் சம்மதம் கிடைத்துவிட்டது.

பிரதியைத் தர மனமில்லாதவர்களிடம் வற்புறுத்தவில்லை. வீட்டிலேயே ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். 2005 முதல் இணையத்தில் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஏற்கெனவே உள்ளவற்றைச் சரிபார்த்த பிறகே எடுக்கிறோம், இல்லாவிட்டால் ஒரே மலரை நாலு பேர் ஸ்கான் செய்து நேரம் வீணாகும். கறையான் பிடித்த கட்டுகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும் என்பதை இளம் அங்கத்தவர்கள் கவனிக்க வேண்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைச் சந்தியுங்கள். ஸ்கானருக்கு இந்த ஆண்டும் இரவல் இயந்திரம்தான். சொந்தமாக ஒன்று வாங்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது, ஆதரவு தாருங்கள்.

வரும் ஆண்டில் தீவகத்துக்கும் வடமராட்சிக்கும் போக எண்ணியிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் பெயர் தாருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் உங்கள் வீட்டு அலுமாரிகளையும் பரணையும் ஒருமுறை பார்த்து, இருப்பதை எமக்கு அறிவியுங்கள்.

நன்றி.
செயலாளர்