தூர்வாருமுன் சேற்றைச் சோதியுங்கள்

நீர்வளத் துறைச் செயலருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவருக்கும் பாபநாசம் வட்டத்து விவசாயி ஒருவர் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆண்டுதோறும் கோடையில் டெல்டா முழுவதும் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர அது எவ்வளவு அவசியம் என்பதைக் குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலத்தை நம்பிப் பிழைக்கும் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் கேட்க வந்தது, வாரி எடுக்கும் சேற்றைப் பற்றி.

சென்ற கோடையில் எங்கள் வாய்க்காலில் பொக்லைன் இறங்கியபோது கரையில் நின்று பார்த்தேன். மேலே ஒரு சாண் பழுப்பு வண்டல். அதன் கீழே மை போலக் கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது. கறுப்பும் நாற்றமும் மட்டுமே நஞ்சுக்குச் சாட்சி ஆகா. காற்றுப் புகாத எந்தச் சேறும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதற்குள் வேறென்ன இருக்கிறது என்று கேட்டதற்கு அங்கிருந்த எவரிடமும் பதில் இல்லை. அந்தச் சேற்றைத்தான் கரையில் குவித்தார்கள். சிலர் நல்ல வண்டல் என்று டிராக்டரில் ஏற்றிப்போய் வயலில் பரப்பினார்கள். கரையில் கிடந்ததில் ஒரு பகுதியை ஐப்பசி மழை மறுபடியும் வாய்க்காலிலேயே கரைத்துவிட்டது.

ஆற்று நீரை வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. ஆனால் ஈயம், காட்மியம், தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியம் போன்ற உலோகங்களில் பெரும்பகுதி நீரில் கரைந்தே போவதில்லை. களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு, ஓட்டம் தளரும் இடத்தில் படிந்துவிடுகின்றன. ஆறு ஓட்டம் தளர்ந்து தன் சுமையை இறக்கிவைக்கும் இடம்தானே டெல்டா? பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன என்பதால், அவை கொண்டுவருவதை அந்த அணை தடுப்பதில்லை. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனதை நாடறியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிவோம். ஆனால் அதற்கு முன் படிந்த உலோகம் மக்கி மறைந்துவிடாது. மேற்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. எங்கள் நகரங்களின் சாக்கடையும் இதே ஆறுகளில்தான் விழுகிறது. நாங்கள் போடும் டிஏபி போன்ற பாஸ்பேட் உரங்களிலும் சிறிதளவு காட்மியம் கலந்தே வருகிறது.

நெல் வயலில் இந்தக் காட்மியம் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குப் பெரிய கவலை. தண்ணீர் நிற்கும்வரை அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றி, அறுவடைக்காக நாம் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடும்போது மண்ணுக்குள் காற்றுப் புகுந்து, பூட்டு அவிழ்ந்ததுபோல் அது கரைந்து வேர் வழியே நெல்மணிக்கு ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றின் நீரைப் பாய்ச்சி விளைந்த அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் தாமாகவே முறிந்தன. மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது. நம் அரிசி அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்துவிடவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை.

ஆகவே வரும் சித்திரையில் பொக்லைன் இறங்குவதற்கு முன், வாய்க்கால் தலைப்பிலும் நகரச் சாக்கடை கலக்கும் இடங்களிலும் சேற்றின் மாதிரியை எடுத்து, குரோமியம், ஈயம், காட்மியம் மூன்றையாவது சோதிக்க வேண்டுகிறேன். இந்த உலோகங்கள் அளவு மிஞ்சியிருக்கும் சேற்றைக் கரையில் கொட்டவோ வண்டல் என்று வயலுக்கு எடுக்கவோ அனுமதிக்காமல், அதற்கெனத் தனி இடம் ஒதுக்குங்கள். முடிவுகளைத் தமிழில், எங்களுக்குப் புரியும்படி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் வண்டி சேறு ஏற்ற வருவதற்கு முன்பே ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
குடமுருட்டிப் பாசன விவசாயி