செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் ராயபுரம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மதில் ஓவிய வேலை மே மாதத்தில்தான் முடிந்தது. அதனால் அதை மட்டும் முடிவு வரைக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செயற்குழு இவ்வாண்டு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். ஆகஸ்டில் கண் பரிசோதனை முகாம், பொங்கலுக்குக் கோலப் போட்டியும் கேரம் போட்டியும் நடந்தன. அக்டோபர் 15 மழையில் தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு இரண்டு வேளை சாப்பாடு கொடுத்தோம். மறைந்த உறுப்பினர்கள் மூவருக்கு இந்தக் கூட்டத்தின் அஞ்சலி.

இனி மதில்.

“ஒரு செவுத்துக்குப் பெயின்ட் அடிக்க ஒரு வருஷமா?” என்று என்னைக் கேட்காதவர் இல்லை. டீக்கடையில் கேட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள், என் தங்கை மகள் கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல எனக்கு இந்த ஒரு மேடைதான் இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மதில் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 180 அடி நீளத்துக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, அதற்கு மேல் கோச்சிங் சென்டர் நோட்டீஸ். கீழே சிறுநீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே எதிர்ச்சாரிக்கு ஓடினார்கள். பொது இடங்களைச் சுவரொட்டியாலும் எழுத்தாலும் அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நாமும் இரண்டு முறை வெள்ளையடித்துப் பார்த்தோம். வெள்ளைச் சுவரைக் கண்டால் ஒட்டுகிறவனுக்கு வசதிதான். 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்ததை நம்மில் சிலர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்றுதான் சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். போட்டது நான் மட்டும் அல்ல, கை தூக்கியவர்கள் அத்தனை பேரும்தான்.

அப்போது தேர்தல் நேரம். ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு, ஜூன் 4-ல் எண்ணிக்கை. நடத்தை விதிமுறை விலகும் வரைக்கும் புதிதாக எந்தக் கோப்பும் நகரவில்லை. ஜூனில் மனு கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. அனுமதி தரவேண்டிய அலுவலகம் ஒன்று, மதிலுக்குச் சொந்தமான துறை வேறொன்று. அந்தத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் மனுவையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு கடிதத்துக்காகக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஒன்பது முறை நடந்தேன். தேதிகள் என் டைரியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சான்று கிடைத்த பிறகு வரைபடம். அழகாக வரைந்த ஒரு படம் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் கேட்டது அளவுப்படி போட்ட படம், மதிலின் போட்டோவில் ஓவியத்தைப் பொருத்திக் காட்டும் படம், எந்தப் பெயின்ட், எத்தனை கோட், சாரம் எங்கே நிற்கும், நடைபாதையில் ஆள் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்ற குறிப்பு, மூன்று வருடம் பராமரிப்போம் என்ற உறுதிக் கடிதம். வரைந்து கொடுத்தது எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்த நம் தெருப் பெண். பகலில் வண்டிகள் நிற்கும் என்பதால் ராத்திரி பதினொரு மணிக்கு நானும் அவரும் அவருடைய அப்பாவும் டேப் பிடித்தோம். ஒரு மூலையில் ஒன்பது அடி இருந்த மதில் மறு மூலையில் ஏழரை அடிதான் வந்தது. டேப் தப்போ என்று திரும்பவும் பிடித்தோம். டேப் சரிதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு ரோடுதான் ஒன்றரை அடி ஏறியிருக்கிறது. போட்டு வைத்திருந்த படம் மொத்தத்தையும் அந்தப் பெண் முதலிலிருந்து மறுபடி போட்டார்.

செப்டம்பரில் வடிவமைப்பைப் பார்க்கும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பகுதி மக்களும் வரலாம் என்றார்கள். செயற்குழுவில் பதினொரு பேர். வருகிறேன் என்று சொன்னவர்கள் ஏழு பேர். போய் உட்கார்ந்தது நானும் அந்தப் பெண்ணும் மட்டும். “இது உங்க ஏரியா ஆசையா, உங்க ரெண்டு பேர் ஆசையா?” என்று ஒரு அதிகாரி கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. வீடு வீடாகப் போய் வாங்கி வைத்திருந்த 216 கையெழுத்துகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்தக் காகிதம் இல்லையென்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் குறைதான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் சில திருத்தங்கள் சொன்னார்கள். தலைவர்கள் முகம் எதுவும் வரக் கூடாது. 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை இந்தச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலரை வரையாமல் வடசென்னைக்கு என்ன படம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். கடைசியில் கடற்கரையில் கூடி நிற்கும் உழைக்கும் ஜனங்களாக, முதுகுப்புறமாக வரைய ஒப்புக்கொண்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சுட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்த காட்சி முனையில் இருந்தது. வண்டி திரும்பும் இடத்தில் அவ்வளவு பெரிய தீப்பிழம்பு கவனத்தைச் சிதறடிக்கும் என்று அதை எடுத்துவிட்டு முதல் இருபது அடியை வெறும் கடல் நீலமாக விடச் சொன்னார்கள். அது நியாயம்தான். மதிலை ஒட்டி நிற்கும் மின்சாரப் பெட்டியான பில்லர் பாக்ஸைச் சுற்றி மின்சார ஊழியர் நிற்க இடம் விடச் சொன்னதும் நியாயம்தான். மூலையில் பெயர் போட்டால் பெயின்ட் இலவசமாகத் தருகிறேன் என்ற கடைக்காரரை இழந்ததுதான் பெரிய அடி. பெயர் போட்டால் அது விளம்பரக் கணக்கில் போய்விடும், அதற்கு வேறு அனுமதி, வேறு கட்டணம். படத்தில் வரும் சம்பவங்களின் தேதிகளுக்கும் ஆதாரம் கேட்டார்கள். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பற்றி நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குள் மழைக்காலம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது என்று தெரிந்துதான் அவசரப்படுத்தவில்லை. ஜனவரியில் அனுமதிக் கடிதம் வந்தது.

பிப்ரவரியில் மதிலைச் சுரண்டினால் கீழ் மூன்றடியில் பூச்சு உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. கடல் காற்று படும் சுவர். பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசினோம். புதுப் பூச்சு 28 நாளாவது ஆறாமல் மேலே பெயின்ட் ஏற்றினால் முதல் வெயிலிலேயே உரிந்துவிடும் என்றார் மேஸ்திரி.

அந்தச் சமயத்தில்தான் கட்டுமர விஷயம் வந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று வரைபடத்தின் பெரிய பிரதியைச் சங்க அறையின் வாசலில் ஒட்டியிருந்தோம். காசிமேட்டில் ஐம்பது வருடம் கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “இன்னாம்மா இது? கட்டுமரத்துல ஏது பலகை? ஏது உக்கார்ற மேடை? மரத்தோட மரத்தக் கவுத்தால கட்டுவோம். கரைக்கு வந்தா அவுத்து வெயில்ல காய வெப்போம். ஆணியே கிடையாது. கட்டுறதாலதாம்மா அது கட்டுமரம்” என்று சொல்லி, தரையில் நாலு தீக்குச்சியை வரிசையாக வைத்துக் காட்டினார். முன்பக்கம் எப்படிக் கூராக மேலே வளையும் என்று விரலை மடக்கியும் காட்டினார். நாங்கள் வரைந்திருந்தது எங்கோ பார்த்த வேறு ஊர்ப் படகு. அத்தனை மேஜைகளைத் தாண்டி வந்த படத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

அனுமதி பெற்ற படத்தில் கை வைத்தால் திருத்திய படத்துக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டும். “யாருக்குத் தெரியப் போவுது, அப்படியே வரைஞ்சிடுங்க” என்று செயற்குழுவிலேயே சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். கட்டுமரம் தெரிந்த ஜனங்கள் தினமும் நடக்கிற தெருவில் தப்பான கட்டுமரத்தை ஒன்பது அடி உயரத்துக்கு வரைந்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மறுபடி மனு, மறுபடி படம். ஏழு வாரம் ஆனது. அதில் நாலு வாரம் பூச்சு ஆறுவதற்கு எப்படியும் காத்திருக்க வேண்டிய வாரங்கள் என்பதைக் கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏப்ரலில் சாரம் கட்டினோம். மேற்குப் பார்த்த மதில் என்பதால் காலை ஆறு மணி முதல் பதினொன்றரை வரை வேலை. மதில் முழுக்கச் சாக்பீஸ் நூலால் அடிக்கு அடி கட்டம் போட்டுப் படத்தை ஏற்றினார்கள். பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு கோட். கட்டுமரத்தின் கயிற்று முடிச்சை வரைகிற அன்று பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகச் சொன்னார். மே மாதம் சாரம் பிரித்தோம். இன்று வரை ஒரு சுவரொட்டி ஒட்டப்படவில்லை. பிள்ளைகள் இந்தப் பக்கமாகவே நடக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுவாகச் செலவு வரவுக்குள் அடங்கியது, ஓவியத்தில் மட்டும் கை மீறியது. மீறியதைச் சிலர் சொந்தப் பொறுப்பில் சரிக்கட்டினோம். சந்தாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உறுப்பினர் 112 பேர். மாதம் ஐம்பது ரூபாய். ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 39 பேர். வீடு தேடிப் போனபோது “செவுரு முடியட்டும், தர்றேன்” என்றவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். சுவர் முடிந்துவிட்டது.

ஓவியர் தங்கைக்கும், அவருடன் வேலை செய்த பிள்ளைகளுக்கும், மேஸ்திரிக்கும், காசிமேட்டுப் பெரியவருக்கும், அனுமதி தந்த அதிகாரிகளுக்கும், தினமும் டீ கொடுத்தனுப்பிய அக்காவுக்கும், தலைவர், பொருளாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் மதிலுக்கு ஒரு பாதுகாப்புக் கோட் அடிக்க வேண்டும். அடிப்பகுதியில் உப்பு மறுபடி பூக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். யாராவது ஒட்டினால் அன்றைக்கே கிழித்துக் கழுவ வேண்டும், ஒரு நாள் விட்டால் பத்தாகிவிடும். மூன்று வருடப் பராமரிப்பு உறுதிக் கடிதத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட இடம் இருந்தது. அவசரத்துக்கு யாரும் கிடைக்காமல் நான் மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதா வேறொருவர் வருவதா என்பது உங்கள் முடிவு. யார் வந்தாலும் அந்தக் கடிதம் 2028 வரை என் பெயரில்தான் இருக்கும், மற்ற இரண்டு இடங்களில் பிறகும் பெயர் சேர்க்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சங்க அறை ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை திறந்திருக்கும். கடிதத்தின் நகலும் ரசீதுப் புத்தகமும் மேஜைமேல் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்