நம் சுவரில் உள்ள சுறா

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகக் கடிதம் போடாதவன் என்று திட்டத் தொடங்குமுன் இதைப் படித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. வேறு செய்தி ஒன்றுதான்: நாம் வரைந்த சுறா தப்பு.

பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏணியில் தொங்கிக்கொண்டு வரைந்தோமே, எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறா, அந்த மெகலோடன்தான். வயிற்றுக்கு நீ யாருடைய தொப்பையை மாதிரியாக எடுத்தாய் என்பது எனக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிரு. இப்போது அந்தத் தொப்பைதான் சிக்கல். ஆண்டுவிழாவுக்கு முன் படத்தைப் புதுப்பித்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். வர்ணம் வாங்குமுன் ஒருமுறை சரிபார்ப்போமே என்று படிக்க உட்கார்ந்தவன், மூன்று வாரமாக எழுந்திருக்கவில்லை. உன் தங்கைக்குச் சொல்லிவிடாதே, ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நாம் வரைந்தது வெள்ளைச் சுறாவை ஊதிப் பெருக்கிய படம். நம்மைக் குறை சொல்லவும் முடியாது. சுறாவின் எலும்புக்கூடு வெறும் குருத்தெலும்பு, செத்தால் மக்கிவிடும். மிஞ்சுவது பல். வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கிறது. உள்ளங்கையை மறைக்கும் பல், ஓரமெல்லாம் ரம்பம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மீதி உடம்பை ஊகிக்கச் சொன்னால் யாருக்கும் வெள்ளைச் சுறாதான் நினைவுக்கு வரும்.

பல் என்று கண்டுபிடிப்பதற்கே எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? ஐரோப்பாவில் இவற்றைக் கல்லாய்ப் போன நாக்கு என்று நம்பி, விஷத்துக்கு மருந்தாக வைத்திருந்தார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட சுறாவின் தலையை நீல்ஸ் ஸ்டெனோ என்ற உடற்கூறு அறிஞர் அறுத்துப் பார்த்தார். வாயைத் திறந்தால் அதே நாக்குகள்! இந்த இடத்தைப் படித்தபோது தனியாகச் சிரித்துவிட்டேன்.

பல்லைத் தாண்டிக் கிடைத்தது கொஞ்சம்தான். பெல்ஜியத்தில் 1860களில் ஒரே மெகலோடனின் முள்ளெலும்புகள், அதாவது முதுகுத்தண்டின் துண்டுகள், 141 அகப்பட்டன. சுண்ணாம்பு ஏறிக் கெட்டியானதால் தப்பியவை. வரிசையாக வைத்தால் 11 மீட்டர். டென்மார்க்கில் கிடைத்த ஒரு முள்ளெலும்பின் குறுக்களவு மட்டும் 23 சென்டிமீட்டர், நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. தொல்லுயிர் ஆய்வாளர் கென்ஷு ஷிமாடாவின் குழுவினர் 2025இல் இவற்றைப் பல வகைச் சுறாக்களின் உடல் விகிதங்களோடு ஒப்பிட்டார்கள். நீளம் 24 மீட்டர் வரை போகலாமாம், ஆனால் உடம்பு ஒல்லி. அவ்வளவு நீளத்துக்கு நம் தொப்பையையும் வைத்தால் நீந்துவதே பெரும்பாடு.

இதையும் நாளை ஒருவர் மாற்றக்கூடும். முழு உடலை இன்றுவரை யாரும் கண்டதில்லை. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்ட மீன்.

ஒன்று நினைவுக்கு வந்து உறுத்துகிறது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அந்தச் சுவரைக் காட்டி, "சார், இதை யார் பார்த்தது?" என்று கேட்டான். உட்காரடா என்றேன். அவன் பெயர்கூட இப்போது நினைவில்லை.

பல்லையும் முள்ளெலும்பு வரிசையையும் மட்டும் வர்ணத்தில் தீட்டி, உடம்பைச் சாக்பீஸ் கோட்டில் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? பொங்கல் விடுமுறையில் தட்டைத் தூரிகையோடு வந்து சேர். தொப்பையைச் சுரண்டுவது உன் வேலை.

அன்புடன்,
கணேசன்