துறவியர் காய்ச்சும் பீரும் துறவியர் படம் ஒட்டிய பீரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான பெல்ஜியம் பயணக் கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டுக் கத்தோலிக்க மடங்களில் துறவியரே பீர் காய்ச்சி விற்பதைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதற்குச் சான்றாக அச்சிடப்பட்ட படம் லெஃப் என்னும் பீருடையது. தினான் நகரில் அப்பெயரில் ஒரு மடம் இருந்தாலும், அந்தப் பீர் லூவன் நகரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஆலையில் தயாராகிறது. பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தொகைதான் மடத்துக்குப் போகிறது. இதில் மோசடி ஏதுமில்லை. ஆயினும் கட்டுரை வியந்து பேசும் பீர் இதுவல்ல.

கட்டுரையாளர் மனத்தில் இருந்தது, கத்தோலிக்கத் துறவுச் சபைகளில் ஒன்றான டிராப்பிஸ்ட் துறவியரின் பீர் என்று கருதுகிறேன். அப்பெயரைப் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்துவது பெருகியதால் விவகாரம் நீதிமன்றம் வரை சென்று, 1962-இல் கெண்ட் நகர வணிக நீதிமன்றம் துறவியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 1997-இல் எட்டு மடங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை வழங்கத் தொடங்கின. அந்த முத்திரையைப் பெற, மடத்தின் வளாகத்துக்குள்ளேயே துறவியராலோ அவர்களின் மேற்பார்வையிலோ பீர் தயாராக வேண்டும். அத்தொழில் துறவு வாழ்வுக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். வருமானம் மடத்தின் பிழைப்புக்கும் பராமரிப்புக்கும் போக, மீதி அறப்பணிகளுக்குச் செல்ல வேண்டும். இந்த நிபந்தனைகளில் பீரின் சுவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

துறவியர் தொழில் செய்து பிழைக்கும் இவ்வழக்கத்தின் வேர், நம் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்டின் 6-ஆம் நூற்றாண்டு ஒழுங்குநூலில் இருக்கிறது. தம் கைகளால் உழைத்துப் பிழைக்கும்போதுதான் அவர்கள் மெய்யான துறவியர் என்கிறது அந்நூல். அதே நூல் நாளொன்றுக்குச் சிறிதளவு திராட்சை மதுவையும் துறவிக்கு அனுமதிக்கிறது. திராட்சை விளையாத வடபுலத்தில் அந்த இடத்தைப் பார்லியில் காய்ச்சும் பீர் பிடித்துக்கொண்டது. இன்றும் சில மடங்களில் வெளியே விற்கும் கடுமையான வகைகளை விட்டுவிட்டு, துறவியர் தம் உணவோடு அருந்துவதற்கென்று மென்மையான பீரைத் தனியே காய்ச்சுகிறார்கள். ஓர்வால் மடத்தில் அவ்வாறு காய்ச்சப்படுவதில் ஆல்கஹால் 3.5 சதவீதம்தான்.

பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரனில் உள்ள சிண்ட் சிக்ஸ்டஸ் என்னும் டிராப்பிஸ்ட் மடத்தைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். 2005-இல் அதன் பீர் உலகிலேயே சிறந்தது என்று ஓர் இணையதளத்தின் தரவரிசை சொன்னதும் வாசலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பு தீர்ந்தது, துறவியரோ உற்பத்தியைக் கூட்டவில்லை. வேறு எந்த வியாபாரியும் இப்படிச் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. நெடுங்காலம் அங்கே லேபிளே இல்லாத புட்டிகள்தான் இருந்தன. சட்டப்படி அச்சிட வேண்டியவற்றை எல்லாம் மூடியிலேயே அச்சிட்டுவந்தார்கள். தொலைபேசியில் முன்பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, மறுவிற்பனை செய்வதில்லை என்ற நிபந்தனையை ஏற்று, மடத்து வாசலிலேயே போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மறுவிற்பனைக்காரர்கள் அப்போதும் ஓயாததால் 2019-இல் பதிவு முறை இணையத்துக்கு மாறியது. 2011-இல் மடத்துக் கட்டடங்களைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும் பரிசுப் பெட்டிகளாகப் பெல்ஜியக் கடைகளில் விற்றார்கள். அடுத்த ஆண்டு சில வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

முத்திரை எதற்குத் தரப்படுகிறது என்பதை அது பறிபோன இடங்களில்தான் தெளிவாகக் காணலாம். நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் 1999-இல் ஒரு பெரிய பீர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது முத்திரையை இழந்து, துறவியரின் பங்கு போதுமானது என்று ஏற்கப்பட்ட பிறகு 2005-இல்தான் திரும்பப் பெற்றது. பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தில் துறவியரே இல்லாமற்போனதால் 2021-இல் முத்திரை போயிற்று. பீர் மட்டும் அதே கூடத்தில் தொடர்ந்து தயாரானது. அமெரிக்காவின் ஸ்பென்சர் மடம் தொழில் கட்டுப்படியாகவில்லை என்று 2022-இல் காய்ச்சுவதையே நிறுத்திக்கொண்டது. மடங்களில் சேரும் இளைஞர்கள் அருகிவரும் காலத்தில், இந்தப் பீர்களுக்கு உள்ள நெருக்கடி சந்தையில் இல்லை, மடத்துக்குள்தான் இருக்கிறது.

இதை நம் ஊர்க் கருப்பசாமிக்குச் சாராயம் படைப்பதோடு ஒப்பிட்டுக் கட்டுரையாளர் வேடிக்கையாக எழுதியிருந்தார். அந்த ஒப்புமை பொருந்தாது. நம் படையலில் மது தெய்வத்துக்கு உரியது. அந்த மடங்களில் பீர் வழிபாட்டுக்குள் நுழைவதே இல்லை. திருப்பலிக்கு அங்கும் திராட்சை மதுதான். பாலாடைக்கட்டியும் ரொட்டியும் செய்து விற்கும் மடங்களைப் போலவே, பீர் காய்ச்சும் மடங்களுக்கும் அது வயிற்றுப்பாட்டுக்கான கைத்தொழில்.

அடுத்த இதழில் முழுத் திருத்தம் வெளியிட இடமில்லாவிட்டாலும், இணையப் பதிப்பில் அந்தப் படத்தையாவது மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.